முதுகு சிஸ்டர்

கீழ்பென்னாத்தூரில் எங்களோடு நர்சிங் படித்த ஒருத்தியின் தம்பிக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு எதிரிலேயே மாப்பிள்ளை வீடு. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. என் பக்கத்து இலையில் உட்கார வேண்டிய என் கூட்டாளியைக் காணோம். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தவள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று தேடிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பின்னறையில் இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவை ஒருக்களித்துப் போட்டு, சட்டையை மேலே ஏற்றி, முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது.

"இங்க பாருடி, இடுப்பெலும்பாண்ட எப்பிடி செவந்திருக்குன்னு. இன்னும் நாலு நாள் போனா தோல் உரிஞ்சிடும். வாசல்ல வாழமரம் கட்டத் தெரியுது, மனுசனைப் பொரட்டிப் போடத் தெரியலை இவங்களுக்கு."

வாசற்படியில் நின்ற பெரியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தலையணையை எங்கே அண்டக் கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று அந்த அம்மாளுக்குச் செய்து காட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தாள். அதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் போன் போட்டு ஏசுவாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியவும் தெரியாது. செங்கம் ரோட்டில் ஏதாவது ஒரு ஆட்டோவை நிறுத்தி "முதுகு சிஸ்டர் இருந்த ஹோம்" என்று சொன்னால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்திலேயே அவளுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. எங்களுக்கெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் மேல்தான் ஆசை. பச்சை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு டாக்டர் கையில் கத்தரியை எடுத்துக் கொடுத்தால் பிறவிப் பயன் என்று நினைத்தோம். நோயாளியின் உடம்பைத் துடைத்து, முதுகைத் தடவி, படுக்கை விரிப்பை மாற்றும் வேலை வந்தால் வயிற்று வலி என்று சொல்லி ஹாஸ்டலில் படுத்துக்கொள்வோம். எங்கள் பங்கையும் சேர்த்து அவள் செய்தாள். செய்யச் சொல்லிக் கெஞ்சவே வேண்டியதில்லை. ஒரு தடவை நான் கேட்டேவிட்டேன், "ஏண்டி, அப்பிடி இன்னாதான் இருக்குது அந்த முதுகுல?"

"மூஞ்சியைக் கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லும்டி. டாக்டரு வந்தா சிரிக்கும், சொந்தக்காரன் வந்தா அழும். முதுகு யாருக்காகவும் மாத்திப் பேசாது."

அந்த வயதில் இப்படிப் பேசினால் யாருக்குப் பிடிக்கும்? எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தேர்வுக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன்.

படிப்பு முடிந்து எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நல்ல கை, நல்ல பெயர். இன்னும் இரண்டு வருடத்தில் வெளிநாடு போய்விடுவாள், கடலைக்காட்டை அடமானத்திலிருந்து மீட்டுவிடலாம் என்று அவள் அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டாள். அது நடமாடும் முதியவர்களுக்கான இல்லம்கூட அல்ல. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, ஞாபக மறதி என்று இனி எழுந்திருக்க வழியில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற இடம்.

எங்கள் வட்டாரத்தில் அதை யாரும் நர்ஸ் வேலையாகவே எண்ணியதில்லை. ஊசி போடத் தெரியாதவர்கள், ஆஸ்பத்திரியில் சண்டை போட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள் போகிற இடம் என்று பேசிக்கொள்வோம். அண்ணன் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. நான் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம். "ஏண்டி, அங்க யாராவது கொணமாகி வீட்டுக்குப் போவாங்களா? அப்புறம் நீ போய் என்னத்தைக் கிழிக்கப் போற?" என்று கேட்டேன்.

"கொணமாகி வீட்டுக்குப் போறவங்களைப் பாத்துக்க நீங்க எல்லாம் இருக்கீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்துத் தின்றாள்.

ஸ்டாஃப் நர்ஸாகத்தான் சேர்ந்தாள். ஐந்தாறு வருடத்தில் வார்டு முழுக்க அவள் பொறுப்பில் வந்தது. அதன்பிறகு ஒரு நாள் என் அப்பாவை நானே கொண்டுபோய் அவள் கையில் ஒப்படைக்க வேண்டி வந்தது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலை வேலூர் வழித்தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். காய்ச்சல் என்றாலும் போவார். பௌர்ணமியன்று ட்யூட்டி போட்டால் டிப்போவில் சண்டை பிடித்து மாற்றிக்கொள்வார். எழுபது வயதில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும். தம்பி பெங்களூரில். அம்மா இல்லை. எனக்கு ஷிஃப்ட் வேலை. ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடியாமல் போய்த்தான் அங்கே சேர்த்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நர்ஸ், பெற்ற அப்பாவைப் பார்க்க ஆளில்லை என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதுக்கும் வந்தது.

அந்த இல்லத்தைக் கட்டியவர் ஒரு அரிசி ஆலை முதலாளி. எல்லோரும் அவரைத் தலைவர் ஐயா என்பார்கள். நல்ல பக்திமான். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களுக்கு மலை தரிசனமாவது கிடைக்கட்டும் என்று, வார்டின் வடக்குச் சுவர் நெடுகப் பெரிய பெரிய ஜன்னல் வைத்திருந்தார். படுத்தவாக்கில் பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். எல்லாக் கட்டில்களும் ஜன்னலை ஒட்டி வரிசையாகக் கிடக்கும், தலைமாடு கிழக்கே. அப்பாவைக் கட்டிலில் கிடத்தியதும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அதற்குள் அப்பாவின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைடி, சுத்தமா வெச்சிருக்க" என்றாள். ஒரு நர்ஸுக்கு இன்னொரு நர்ஸ் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்காம் மாதம் அப்பாவின் வலப்பக்க இடுப்பில் படுக்கைப் புண் வந்தது.

சின்னதாக இல்லை. துணியை விலக்கிப் பார்த்ததும் நான் ஒரு நர்ஸ் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வார்டில் அத்தனை பேர் எதிரிலும் அவளைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். "கல்யாண வீட்ல போய் அடுத்தவன் முதுகை மோந்து பாப்ப. எங்கப்பா முதுகு உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லாததே எனக்கு இன்னும் ஆத்திரமாகிவிட்டது. அன்று சாயங்காலமே தலைவர் ஐயாவுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் என் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டேன், கனம் கூடட்டும் என்று.

அது எப்படிப்பட்ட நேரம் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதினேன். இல்லத்தின் நிர்வாகி வயதாகி விலகப் போகிறார். அந்த இடத்துக்கு அவளைப் போடலாமா, வெளியிலிருந்து மேனேஜ்மென்ட் படித்த ஒருவரைக் கொண்டுவரலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் கடிதம் போய்ச் சேர்ந்ததும் தலைவர் ஐயா அவளைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் கமிட்டி கூடுதும்மா. அதுக்குள்ள ஒருத்தருக்குக்கூட புதுசா புண் வரக் கூடாது. வந்துச்சின்னா நீங்க வேற எடம் பாத்துக்கறது நல்லது" என்று சொல்லிவிட்டார். நிர்வாகி பதவி போகட்டும், இருக்கிற வேலைக்கே ஆபத்து. அப்பாவுக்கோ சர்க்கரை வேறு. அந்தப் புண் ஆழமாகப் போனால் அவர் பிழைக்கமாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் போவேன், அப்பாவைப் பார்ப்பேன், வருவேன். அவள் இன்னொரு மூலையில் வேலை செய்வாள்.

பௌர்ணமி வந்தது. இந்த ஊரில் பௌர்ணமியன்று மனிதன் மலையைச் சுற்றலாம், வேலைக்குப் போக முடியாது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே தள்ளி நிறுத்திவிடுவார்கள், ஆட்டோ பாதி வழியோடு சரி. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வருகிற உதவியாளர்கள் அன்று வந்து சேருவதே பெரும்பாடு. அன்று மத்தியானம் எனக்கு அவளிடமிருந்து போன்.

"பாதிப் பேரு வரலை. உங்கப்பாவை நீயே வந்து பொரட்டிக்க. வரியா, மாட்டியா?"

கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தே போனேன். நல்ல வெயில். ரோட்டில் அதற்குள்ளேயே சனம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் போடும் அரோகரா வார்டு வரைக்கும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும், இருந்த நாலைந்து உதவியாளர்களும் கட்டில் கட்டிலாகப் போனோம். பேச்சு இல்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் திருப்புவதோடு சரி. அப்பாவை இடப்பக்கம், அதாவது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்தாற்போல, ஒருக்களித்துப் போட்டோம். புண் இருக்கிற இடத்தில் அழுத்தம் படாமல் இருக்க அப்படித்தான் போட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வார்டைவிட்டு வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"உங்கப்பாவுக்கு வந்த சமயத்துலியே இன்னும் மூணு பேருக்கும் புண்ணு வந்துருக்குது. நாலுமே வலப்பக்க இடுப்புல. சார்ட்டைப் பாத்தா ரெண்டு மணிக்கொரு தடவை வலது, மல்லாக்க, இடதுன்னு கரெக்டா டிக் அடிச்சிருக்காங்க. மூணு வாரமா யோசிக்கிறேன். தோலு பொய் சொல்லாதுடி, அப்ப சார்ட்டுதான் பொய் சொல்லுது. நான் வந்து பாக்கறப்ப எல்லாம் சரியா இருக்குது. நான் போனப்புறம் இன்னா நடக்குதுன்னு நீ இங்கியே நின்னு பாரு. நான் லேடீஸ் வார்டுக்குப் போறேன்னு சத்தமா சொல்லிட்டுப் போறேன்."

அப்படியே சொல்லிவிட்டுப் போனாள். நான் கதவிடுக்கில் நின்றேன். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"சாந்தி, சாந்தி" என்று அப்பாவின் குரல் கேட்டது. சாந்தி அக்கா அந்த வார்டின் மூத்த உதவியாளர், பத்து வருடமாக அங்கே இருக்கிறவர். அருகே போய்க் குனிந்தார். அப்பா அழுதுகொண்டிருந்தார். என் அம்மா போனபோதுகூட அழாதவர்.

"பௌர்ணமிம்மா இன்னைக்கி. ஊரே சுத்துது. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கினு படுத்திருக்கேன். பாவம்மா. திருப்பி வுடும்மா."

"சிஸ்டரு திட்டுவாங்கப்பா. உனுக்குப் புண்ணு வேற கீது."

"புண்ணு கெடக்கட்டும். அந்தாண்ட திருப்பும்மா, புண்ணியமாப் போவும் உனுக்கு."

சாந்தி அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பிள்ளையைத் திருப்புகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக, அப்பாவை வலப்பக்கம் புரட்டி மலையைப் பார்க்க வைத்தார். புண்ணின் மேலேயே படுக்க வைத்தார். கண்ணைத் துடைத்துவிட்டார். அடுத்த கட்டிலில் கிடந்த ரிட்டையர்டு வாத்தியார் கையை ஆட்டினார். அவரையும் திருப்பினார். அதற்கடுத்தவர் கேட்கவே இல்லை, அக்காவாகவே போய்த் திருப்பினார். மலைக்கு எதிரில் ஒருவரை முதுகு காட்டிக் கிடத்துவது அக்காவுக்கும் பொறுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வார்டே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சார்ட்டை எடுத்து எல்லோருக்கும் 'இடது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

நான் பாய்ந்து உள்ளே போய்க் கத்த ஆரம்பித்தேன். சாந்தி அக்கா சுவரோரம் ஒண்டினார். என் சத்தம் கேட்டு ஓடிவந்தவள் முதலில் என் வாயைத்தான் அடக்கினாள். "கத்தாதே. வெளியில போறதுன்னா போ." நடந்ததைச் சொன்னேன். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டில் என்று வரிசை முழுவதையும் பார்த்தாள். அப்புறம் அவள் செய்ததை நான் அதுவரை எந்த நர்ஸும் செய்து பார்த்ததில்லை. அப்பாவின் கட்டில் பக்கத்தில் தரையில் மண்டிபோட்டு, அவருடைய தலையணையிலேயே தன் தலையையும் சாய்த்து, அவர் பார்க்கிற பக்கம் பார்த்தாள். ஜன்னல் நிறைய மலை.

எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "இத்தினி வருசமா முதுகையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்டி. அவங்க எதைப் பாத்துக்கிட்டுப் படுத்துருக்காங்கன்னு ஒரு நாளும் பாக்கலை" என்றாள். எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பெற்ற மகள், நானும்தான் பார்க்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனவள் நான்.

அவள் அப்பாவிடம் குனிந்தாள். "ஐயா, உங்களுக்கு மலையைப் பாத்துக்கிட்டே படுக்கணும். அவ்ளோதானே?"

அப்பா தலையை ஆட்டினார்.

"புண்ணு மேல படுக்கணும்னு வேண்டுதல் ஒண்ணும் இல்லியே?"

அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார்.

அவள் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இரண்டு தடவை பார்வை போய்வந்தது. "சாந்தி அக்கா, மேற்கே தலை வெச்சுப் படுக்கலாமா?" என்று கேட்டாள். அக்காவுக்கு இதில் எல்லாம் சந்தேகமே கிடையாது. "வடக்கேதான் வெக்கக் கூடாது சிஸ்டரு. தெற்கே வெச்சா காலு மலையைப் பாக்கும், அது ஆவாது. மேற்கே வெக்கலாம், தப்பில்ல" என்றார்.

"அப்ப புடிங்க எல்லாரும். ஏய், நீயும் புடிடி."

ஆளை அசைக்காமல் கட்டிலையே தூக்கித் திருப்பினோம். கால்மாடு இருந்த இடத்துக்குத் தலைமாடு வந்தது. பழைய இரும்புக் கட்டில், டைல்ஸ் தரையில் உராய்ந்து பல் கூசியது. பிறகு அப்பாவை இடப்பக்கம் ஒருக்களித்தோம். புண் மேலே வந்துவிட்டது, காற்றோட்டமாக. முகத்துக்கு நேரே மலை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மூன்று வாரம், நான்கு புண், ஒரு புகார்க் கடிதம்.

அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "இந்தாண்டயும் அவருதான்" என்றார். சாந்தி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில் வாத்தியார் தன் கட்டிலைத் தட்டித் தட்டிக் காட்டினார், அடுத்து தனக்கு என்று. அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வரிசையின் பதினாறு கட்டிலையும் சுற்றினோம். வெளியே ஊர் சனம் சுற்றியது, உள்ளே கட்டில்கள் சுற்றின. எனக்கு மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை.

பொய்யாக எழுதிய சாந்தி அக்காவைக் கட்டாயம் வேலையைவிட்டு அனுப்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். அவள் அக்காவின் மேல் ஒரு வரிகூட எழுதவில்லை. "அவங்க கேட்டதைச் செய்யறதா, நான் சொன்னதைச் செய்யறதான்னு நடுவுல நிக்க வெச்சேன் பாரு, அது என் தப்பு. அக்கா மேல எழுதினா நாளைக்கி எவளும் எங்கிட்ட உண்மை சொல்லமாட்டா" என்றாள். சார்ட்டை மட்டும் மாற்றினாள். வலது, இடது என்ற கட்டங்களை அடித்துவிட்டு, 'தலை கிழக்கு', 'தலை மேற்கு' என்று எழுதினாள். தலை கிழக்கே என்றால் வலப்பக்கம், மேற்கே என்றால் இடப்பக்கம், இரண்டிலும் முகத்துக்கு நேரே மலை. கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும், அதில் பொய் எழுத முடியாது. இருபது வருட அரசு வேலையில் நான் பார்த்த அத்தனை படிவங்களிலும் இவ்வளவு புத்தி உள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை.

தலைவர் ஐயா காதுக்குச் செய்தி வேறு மாதிரி போயிருந்தது. "கட்டிலை எல்லாம் தெனமும் சுத்தி சுத்தி வெக்கறீங்களாமே. ஹோம் நடத்தறீங்களா, ரங்கராட்டினம் நடத்தறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். அவள் "வாங்க ஐயா" என்று வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவராகத் திருப்பிக் காட்டினாள். அந்த இல்லத்தைக் கட்டி, விசேஷ நாளெல்லாம் எல்லோருக்கும் இனிப்பு ஊட்டிவிட்ட மனிதர், அவர்களில் ஒருவருடைய முதுகைக்கூட அதுவரை பார்த்ததில்லை. ஆறிக்கொண்டிருக்கும் நான்கு புண்களையும் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தார்.

"எப்படிம்மா வந்துச்சி இது?" என்றார். ஜன்னலால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "நீங்க ஜன்னல் வெச்சது ரொம்ப நல்லது ஐயா. நான்தான் கட்டிலை அதுக்குத் தக்கபடி வெக்கத் தெரியாம இருந்துட்டேன்." தலைவர் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரமே எல்லாக் கட்டிலுக்கும் சக்கரம் வந்தது. பிறகு கமிட்டி கூடி அவளை நிர்வாகியாக்கியது. என் புகார்க் கடிதத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கி அவள் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அதை வாசித்துக் காட்டுவாளாம். எழுதியது யார் என்று மட்டும் சொல்லமாட்டாளாம். அந்த மட்டுக்கும் நல்லவள்.

நிர்வாகி ஆனபிறகும் சாயங்காலம் நாலு மணிச் சுற்றுக்கு அவளே வந்து நிற்பாள். மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள். முதலில் முதுகைப் பார்ப்பாள். பிறகு தலையணைப் பக்கம் குனிந்து, படுத்திருப்பவர் என்ன பார்க்கிறார் என்று பார்ப்பாள். ஒரு அம்மாள் கண்ணுக்கு நேரே மின்விசிறி ரெகுலேட்டர்தான் தெரிகிறது என்று கண்டுபிடித்துக் கட்டிலைத் தள்ளிப் போட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் நிர்வாகப் படிப்பு ஒன்றையும் படித்து முடித்தாள். இன்று அவளுக்குக் கீழே நான்கு ஊர்களில் நான்கு இல்லங்கள். அண்ணன் இப்போது "எங்க தங்கச்சி" என்று அவராகவே ஆரம்பித்துப் பேசுகிறார்.

போன வருடம் சென்னையில் நர்ஸுகள் கூட்டம் ஒன்றில் அவளை மேடையேற்றினார்கள். நானும் போயிருந்தேன். ஸ்டாஃப் நர்ஸிலிருந்து இவ்வளவு பெரிய பதவிக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒரு இளம்பெண் கேட்டாள். இவள் மைக்கை ஏதோ கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "ஏறணும்னு ஏறலைம்மா. வார்டைவிட்டு எறங்காம இருந்தேன், அவங்களா நாற்காலியை மாத்தி மாத்திப் போட்டாங்க" என்றாள். பிறகு, "சரி, இங்க உக்காந்துருக்கறவங்கள்ல நேத்து யாரோட முதுகையாவது பாத்தவங்க கை தூக்குங்க" என்றாள். மண்டபத்தில் நாலைந்து கைகள்தான். கடைசி வரிசையில் இருந்த நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவள் என் கூட்டாளி என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன், அவர்கள் கேட்காமலே.

அப்பா அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒரு நாள் விடிந்து காபி குடித்துவிட்டு, தலை மேற்கே வைத்து, மலையைப் பார்த்தபடியே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலருகே நின்றிருந்தாள். வெந்நீரும் புதுத் துண்டும் எடுத்து வைத்துவிட்டு, திரையை இழுத்து மறைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அப்பாவை நானும் சாந்தி அக்காவும் குளிப்பாட்டினோம். திருப்பினேன். கழுத்திலிருந்து குதிகால் வரைக்கும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். மகளாகப் பார்த்தேனா, நர்ஸாகப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வலப்பக்க இடுப்பில் அந்தப் பழைய புண் இருந்த இடம் வெளுத்து, தோல் மூடி, வழவழவென்று இருந்தது. வேறு எங்கேயும் ஒரு சிவப்புகூட இல்லை. கிட்டத்தட்ட நாலு வருடம் படுக்கையில் கிடந்த உடம்பு அது.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். அந்தக் கடிதத்துக்காக நான் அவளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அப்பா முதுகு ரொம்ப நல்லா இருந்துச்சிடி" என்றேன்.

பாயசம் தீர்ந்துபோனதற்கு என்னைத் திட்டியவள், வார்டு நடுவே நான் ஏசியபோது வாய் திறக்காதவள், கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சாந்தி அக்கா யாரிடமோ ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவதும், ஒரு கட்டிலின் சக்கரம் உருள்வதும் கேட்டது. அவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரை மேற்கே போடற நேரம்டி. ஒரு கை புடிச்சிட்டு வந்துடறேன், இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.